ஈரத்துக்குக் கழித்தது போக

மலையில் பேர் போட்ட காலத்தில்
கொழுந்து நனைந்திருக்கிறதென்று
இரண்டு கிலோ கழிப்பார்கள்.
சாக்குக்கு ஒன்று.
எதற்கென்று சொல்லாமல் இன்னொன்று.

இப்போது நான் பறிப்பதே ஈரம்தான்.

கந்தப்பளைக்குக் கீழே
லீக்ஸ் பாத்திகள் முடிகிற பள்ளத்தில் குளம்.
இடுப்பளவு நின்று ஆகாயத்தாமரை இழுக்கிறோம்,
நானும் தவமணியும், சிங்களத்துப் பிள்ளை இரேஷாவும்.
தூக்கினால் வேர்க்கற்றை
மேட்டு உரத்தைக் கறுப்பாய்ச் சொட்டுகிறது.

போன தையில் பிந்திவிட்டோம்.
சம்பளத் தகராறு,
பதினொரு நாள் யாரும் இறங்கவில்லை.
பன்னிரண்டாம் இரவு உறைபனி கொட்டியது.
விடிந்து பார்த்தால் குளம் முழுக்க வெந்த கீரை.
வருஷம் பூராவும் தின்றதைச் செடி
ஒரே வாரத்தில் கக்கிவிட்டது.
மாசியில் தண்ணீர் பட்டாணிக் கஞ்சி;
மீன்கள் மேலே வந்து
வாயைத் திறந்து காற்றுக் கேட்டன.

கிலோவுக்குத்தான் காசு.
மூங்கில் தட்டியில் வடியவிட்டு லோகிதன் நிறுப்பான்.
எங்கள் லயத்துப் பிள்ளைதான்,
முள்ளைப் பார்க்கும்போது மட்டும் வேறு ஆள்.
வடிந்தது போதாதென்று பத்தைக் கழிப்பான்.

ஆனியில் இருநூற்றுப் பத்து.
ஆவணியில் நூற்றறுபது.
இந்த வாரம் நூற்றுப் பன்னிரண்டு.
களவில்லை, நானே முள்ளைப் பார்த்தேன்.
செடி மெலிந்துவிட்டது. இலையோரம் மஞ்சள்.
வேர் மட்டும் நீண்டு நீண்டு
தண்ணீரில் எதையோ துழாவுகிறது.

குளம் நல்லாகுதாம், இரேஷா சிரிக்கிறாள்.
ஆகட்டும்.
நாங்கள் ஒழுங்காய் வேலை செய்தால்
எங்களுக்கு வேலை இல்லை.

மேலே கிழங்குக்கு மண் அணைக்கிற என் புருஷன்
சோற்றுப் பார்சலை மடித்தபடி கேட்டான்:
"மழைக்கு முன்ன இன்னொரு பை யூரியா
போடச் சொல்லட்டா மொதலாளிகிட்ட?
ஒனக்கும் கிலோ நிக்கும்."
பகிடிதான்.
ராத்திரி தகரத்தில் மழை இறங்கியபோது
அதை இரண்டாம் தடவையும் நினைத்துப் பார்த்தேன்.

இழுத்ததெல்லாம் கரையில் குவிந்து புகைகிறது.
சாணியோடு மக்கினால் அதே மொதலாளி வாங்குவார்,
தன் உரத்தை
இரண்டாம் முறையும் காசு கொடுத்து.

நேற்றுக் காலை
யாரும் கலக்காத ஓரமாய் இறங்கினேன்.
என் கால்விரல் தெரிந்தது.
பத்தும் தெரிந்தன.
இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்ததை
அங்கேதான் கண்டேன்.
தவமணியைக் கூப்பிட வாயெடுத்தேன்,
கூப்பிடவில்லை.

பின்னேரம் தராசில் நூற்று நாலு.
லோகிதன் முள்ளைப் பார்த்தான்,
குளத்தைப் பார்த்தான்.
நூற்று நாலு என்றே எழுதினான்.