இருபத்தேழு மெகாஹெர்ட்ஸ்

தோ பாயோவில் ஒருவர் நாற்பது வெள்ளிக்குத் தந்தார்.
"ஓடாது" என்றார் இருமுறை,
நாளைக்கு வந்து சண்டை போடாதே என்பதுபோல்.

பேட்டரிப் பெட்டிக்குள் பச்சை பூத்திருந்தது.
வினிகர், பழைய பல்துலக்கி, ஒரு முழு ஞாயிறு.
பற்சக்கரத்தில் மூன்று பல்லைக் காணோம்;
முதலாளிக்குத் தெரியாமல் அச்சடித்துத் தந்தான்
வேலையிடத்து ஃபைருஸ்.
கரிப்பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு
பிரஷ் இல்லாததை வைத்தேன்.
டயர் புதிது. ஷாக்குக்கு எண்ணெய் புதிது.
ரிசீவரை மட்டும் அடுத்த சம்பளத்துக்குத் தள்ளினேன்.

யீஷூன். எங்கள் புளோக்குக்கு எதிரே
பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் உச்சி.
இரவு பத்து.
ஸ்விட்சைத் தட்டினேன்.
விரல் வைக்குமுன்பே
சக்கரம் இடப்பக்கம் திரும்பியது.
நேரானது.
மறுபடி இடப்பக்கம்.

வயர் எங்கோ உரசுகிறது என்று ரிமோட்டை அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் கிளம்பியது
மழைத்தண்ணீரைக் கிழித்துக்கொண்டு,
நின்ற லாரியை ஒரு முழுச் சுற்று.
நான் ஓட்டியிருந்தால்
இவ்வளவு அழகாக வளைந்திருக்காது.

யாரோ இருக்கிறார்கள்.
இத்தனை நூறு சன்னல்களில் ஒன்றின் பின்னால்
இதே கிரிஸ்டலை மாட்டிக்கொண்டு
தன் வரவேற்பறையில் ஓட்டிக்கொண்டு.
ரிமோட்டைப் போட்டேன்.
வலப்பக்கம், வலப்பக்கம், முழு வேகம்.
எங்கோ ஒரு சோபாவில் முட்டியிருக்கும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு என் வண்டி மெல்லப் பின்னால் வந்து
என் செருப்பில் இடித்தது.

புதிய ரிசீவர் போன வாரமே வந்துவிட்டது.
யாருடைய குறுக்கீடும் இருக்காதாம்,
பெட்டிமேல் போட்டிருக்கிறது.
இன்னும் பிரிக்கவில்லை.