உதிர்க்கத் தெம்புள்ளவை

ஆனி பதினேழு. மேல்காற்று நாள்.
ராயவரத்துக்குத் தெற்கே செம்பூராங்கல் மேட்டில்
பதினோரு ஏக்கர் தைலமரக் காடு
மத்தியானச் சோறு ஆறுவதற்குள் எரிந்து முடிந்தது.
தீயணைப்பு வண்டி கண்மாய்க்குப் போனது.
கண்மாயில் தண்ணீர் இல்லை என்பது
அங்கே போய்த்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து எண்ணப் போனேன்.
என் பிழைப்பு கணக்கு.
கையில் டேப்பு,
மூன்று கட்டம் போட்ட படிவம்:
முழுச்சேதம், பாதிச்சேதம், சேதமில்லை.
மொட்டையாய் நின்றதையெல்லாம் முதல் கட்டத்தில் போட்டேன்.
காய்ந்த இலையாவது தங்கியிருந்தால் இரண்டாவதில்.
சேதமில்லைக்கு வேலையே இல்லை.

சுண்ணாம்பு வாளி தூக்க வந்தவள் முத்திருளாயி.
தைலம் காய்ச்சும் கொட்டகையில்
பத்து வருஷம் இலை அள்ளியவள்.
நாற்பதாவது மரத்தில் கோடு போடாமல் நின்றாள்.

"மாத்திப் போடுறீங்க சார்."
"எதை?"
"செத்ததையும் பொழைச்சதையும்."

வெயில் ஏறியிருந்தது.
சாம்பல் செருப்புக்குள் புகுந்து விரலிடுக்கில் அரித்தது.
எரிச்சலோடுதான் கேட்டேன்.

"கொப்பு பொசுக்குனு செத்துப்போச்சுன்னா
இலையக் கழட்டிவிட அதுக்கு நேரம் ஏது?
புடிச்சபடியே நிக்கும்.
உதுத்துருச்சுன்னா உள்ள உசுரு இருக்கு.
உதுக்கவும் தெம்பு வேணும்ல."

நான் மேற்கே நின்று கருகலை அளந்துகொண்டிருந்தேன்.
முழங்கால் உயரம்.
அவள் மரத்தைச் சுற்றிக் கிழக்கே கூப்பிட்டாள்.
அங்கே கருப்பு என் தலைக்கு மேல் போயிருந்தது.
"காத்து வந்த பக்கம் பார்த்தா ஒண்ணும் தெரியாது.
தீ முதுகுலதான் ஏறும்."
இலை தாங்கிய மரத்தில் கத்தியால் பட்டையைச் சுரண்டினாள்.
பழுப்பு. புளித்த கள் வாடை.
மொட்டையில் சுரண்டினாள்.
வெள்ளரிக்காய்த் தோல்போல் ஈரம்.

சுண்ணாம்புக் கோட்டை அழிக்க முடியாது.
படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்,
பென்சிலில்,
அவள் பெயரோடு.

வனவர் சேவுகமூர்த்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"யாருய்யா இந்த முத்திருளாயி?"
சொன்னேன்.
"இவ்வளவு தெரிஞ்சிருக்கே அவளுக்கு.
எப்ப வச்சா எது நிக்கும்னும் தெரிஞ்சிருக்கும்ல?"

தீ எப்படிப் பிடித்தது என்று
விசாரணை அப்போது நடந்துகொண்டிருந்தது.
பீடி, மின்கம்பி உரசல், கிடை போட்டவர்கள்,
எல்லாம் எழுதியாகிவிட்டது.
ஒரு பெயர் மட்டும் தேவைப்பட்டது.

பெயரை அழித்தேன்.
'கள அனுபவத்தின்படி' என்று மேலே எழுதினேன்.
யார் களம் யார் அனுபவம் என்று
காகிதம் கேட்பதில்லை.
அவளைக் காப்பாற்றத்தான் அழித்தேன்
என்று சில ராத்திரி தோன்றும்.
சில ராத்திரி தோன்றாது.

ஆடிக் கடைசியில் ஒரே ஒரு மழை.
மொட்டை மரங்களுக்கு
அடியிலிருந்து நுனிவரை உடம்பெல்லாம் துளிர்,
செம்பு நிறத்தில், கூச்சமில்லாமல்.
இலை பிடித்தவை பிடித்தபடியே நின்றன.
காற்றடித்தால் காகிதம் புரட்டும் சத்தம்.
அவற்றை மட்டும் ஏலம் விட்டார்கள்.
மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது
சேவுகமூர்த்திக்கு. நகல் எனக்கு.

ஏலத்தன்று வாளியோடு வந்திருந்தாள்.
"எழுதுனீங்களா சார்?"
"எழுதினேன்."
தலையாட்டிவிட்டு
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.

அங்கே எட்டு முந்திரி.
புறம்போக்கு. பட்டா இல்லை,
ஆகவே படிவமும் இல்லை.
அவள் வைத்தவை, வருஷா வருஷம் அவள் பொறுக்கியவை.
எட்டிலும் இலை அப்படியே இருந்தது,
பழுப்பாய், விறைப்பாய்,
ஒன்றுகூட உதிராமல்.

நாற்பதாவது மரத்தில் என்னை நிறுத்தியபோதே
அவளுக்கு இது தெரிந்திருக்கும்.
அந்த எட்டையும் எண்ணச் சொல்லி அவள் கேட்கவில்லை.
அருவாளை எடுத்து முதல் கொப்பை வெட்டினாள்.
நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.