நூறு கிலோமீட்டர் கழித்து வரவும்

நவம்பர் இரண்டு. டீர் லேக்கில் முதல் பனி
விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
வெர்னா டிஸார்ட் வந்தாள்,
பின்சீட்டில் நான்கு குளிர்கால டயர்கள்
இரும்பு ரிம்மோடு முட்டிக்கொண்டிருக்க.
ராக்கி ஹார்பரிலிருந்து ரத்தக் குப்பிகளை
ஆய்வகத்துக்கு ஏற்றிப் போகிறவள்.
வண்டி, விவாகரத்தில் அவள் பங்குக்கு வந்தது.

சக்கரத்துக்கு ஐந்து நட்டு.
நான்கு எவர் கைக்கும் இணங்கும்.
ஐந்தாவது பூட்டு நட்டு:
வட்ட முகத்தில் கோணல் பூ ஒன்று வெட்டியிருக்கும்,
அந்தப் பூவுக்கு உலகில் ஒரே சாவி.
டேஷ்போர்டில் இல்லை. ஸ்டெப்னிக்கு அடியிலும் இல்லை.

ஸ்பீக்கரில் போட்டாள்.
"படகில் இருக்கும்," என்றது எல்டனின் குரல்,
"நீலப் பெட்டியில். இல்லையென்றால் கோட்டுப் பையில்.
வெர்னா, அது நல்ல ரிம், கீறிவிடப் போகிறார்கள்."
"உடைத்துவிடு," என்றாள் என்னிடம்,
போனை அணைக்காமலே.

ஓர் அளவு சிறிய சாக்கெட்டை
சம்மட்டியால் அடித்து ஏற்றினேன்.
நான்கடிக் குழாயை மாட்டித் தொங்கினேன்.
மூன்று, முனகலோடு விட்டுக்கொடுத்தன.
நான்காவது, மூஸ் மான் போலக் கத்தியதில்
தெருவில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

மற்ற பதினாறும் மட்டும் என்ன ஒழுங்கு?
உள்ளே இரும்பு, மேலே குரோமில் மெல்லிய சட்டை.
சட்டைக்குள் துரு புகுந்து உடம்பு ஊதி
பத்தொன்பது சாக்கெட் எதிலும் இறங்கவில்லை.
நடு இரவில் பஞ்சராகியிருந்தால்
வழியில் நின்றிருப்பாய் என்றேன்.
குளிர்காலம் முழுக்கச் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள்;
உப்பிட்டவரை இங்கே
இரும்புதான் உள்ளளவும் நினைக்கிறது.

புதியதில் மூன்று வகை எடுத்து வைத்தேன்.
பளபளப்பை எடுத்தாள், எடைபார்த்தாள், வைத்தாள்.
"சட்டை போடாதது எது?"
ஒரே துண்டு இரும்பு, மங்கிய சாம்பல் நிறம்.
இரும்பு ரிம்மின் துளையை விரலால் தடவிக் காட்டினேன்:
கூம்புக் குழி. கூம்பு நட்டுதான் உட்காரும்.
உருண்டையடி நட்டும் ஏறும், இறுகும்,
ஆனால் ஒரு நூல் வளையத்தில்தான் தொட்டு நிற்கும்.
இறுகியதாகவே தோன்றும், கழலும் நாள்வரை.
இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"பூட்டு வேண்டாமா? திருடிவிட்டால்?"
"திருடி எங்கே மாட்டுவான்?
இந்த ஊரில் யார் காலில் எந்த டயர் என்று
எல்லோருக்கும் தெரியும்."
இருபதும் ஒரே மாதிரி வாங்கினாள்.

மரையில் எண்ணெய் விடட்டுமா என்றாள், அக்கறையாக.
வேண்டாம்.
எண்ணெய் பட்ட மரை வழுக்கிக்கொண்டே போகும்,
போதவில்லை போதவில்லை என்று
போல்ட்டின் உயிரை இழுத்துவிடுவோம்.
கம்பி பிரஷ் போதும்.
முதல் நான்கு சுற்று விரலால்.
விரலுக்கு ஏறாததை இயந்திரத்தால் ஏற்றினால்
போல்ட்டுக்கு மரை கழலும்,
எனக்கு மரை கழன்றவள் என்று பெயர் வரும்.

ஒன்று, எதிரே ஒன்று, மறுபடி குறுக்கே,
நட்சத்திரம் வரைகிற வரிசை.
ஜாக்கை இறக்கி, தரையில் நிற்க வைத்து,
டார்க் ரெஞ்சில் நூற்றெட்டு.
க்ளிக்.
கடைசி நட்டைத் தானே செய்கிறேன் என்றாள்.
க்ளிக்.
இன்னும் ஒரு முறை அழுத்தப் போனாள்.
"கேட்டாயிற்று. இனி திருகுவது பயம்."

ரசீதில் வழக்கமான வரி:
நூறு கிலோமீட்டர் கழித்து வரவும்.
பாதிப் பேர் வருவதில்லை.
அவள் நூற்று நாற்பத்து மூன்றில் வந்தாள்,
கண்ணாடி முழுக்க உறைபனியோடு.
பத்தொன்பது அசையாமல் க்ளிக் என்றன.
பின்பக்க இடதில் ஒன்று மட்டும்
நூலளவு நகர்ந்து பிறகு பேசியது.
அவள் இறுக்கியதா, நான் இறுக்கியதா,
இருவருக்கும் நினைவில்லை.

புறப்படும்போது உறை ஒன்றைக் கொடுத்தாள்.
தபாலில் வந்ததாம். உள்ளே சாவி,
கோணல் பூ, ஒரு கீறல் இல்லை.
"நீலப் பெட்டியில்தான் இருந்திருக்கிறது."

இனி எந்த வண்டிக்கும் அது பொருந்தாது.
கடைக் கழிவறையின் சாவியை அதில் கோத்து
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
நல்ல கனம். யாரும் மறந்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவதில்லை.