சிவப்புத் தட்டு

பாயான் லெப்பாஸ் ஆலையில்
எனக்குக் குறை காணத்தான் சம்பளம்.
இரவு ஏழு முதல் காலை ஏழு வரை
நகக்கண் அளவுச் சில்லுகள்
நுண்ணோக்கியின் கீழ் வந்து நிற்கும்.
கீறல், பிசிறு,
ஒரு முடியில் பத்தில் ஒரு பங்கு நெளிவு:
சிவப்புத் தட்டில் போடு.
நல்லது எதையும் நினைவில் வைத்ததில்லை.
நல்லது என்பது
கண்ணில் படாமல் கடந்து போவது.

பதினோரு வருஷம்.

விடிந்ததும் ஆலை பஸ்ஸில்
பத்து உபான் அடுக்குமாடிக்குத் திரும்புவேன்.
குணாளன் தோசை வார்த்து வைத்திருப்பார்,
ஓரத்தில் ஒரு கருகல்.
அவர் சட்டையில் மூன்றாவது பொத்தான்
வேறு நிற நூலில் தைத்தது.
சொல்லாமல் இருந்தால் நாக்கு அரிக்கும்.
சொன்னால்
தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார்,
திரும்பி வர
கொஞ்சம் அதிக நேரம் எடுப்பார்.

தர்வினா கணிதத்தில் தொண்ணூற்று நான்கு.
"மீதி ஆறு எங்க?"
கேட்டது யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன்.
அதற்கப்புறம் தாள்கள் பையிலேயே தங்கின;
கையெழுத்து அப்பாவிடம்.

போன மாதம் சான்றிதழ் கொடுத்தார்கள்.
ஓராண்டாக ஒரு பழுதும்
என்னைத் தாண்டிப் போகவில்லையாம்.
புவான் ரொஹானி கைகுலுக்கினார்.
தமயந்தி என்பதில் ஓர் எழுத்தைக் காணோம்.
வழி நெடுக
அந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன்.

குணாளன் ஆணி அடித்து மாட்டினார்.
விலகி நின்று, இடுப்பில் கைவைத்து,
அவரே வாங்கிய பரிசுபோல் பார்த்தார்.
நான் வாய் திறந்தேன்.
அதற்குள் சோபாவிலிருந்து அவள்,
பத்து வயது, கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தாமலே:
"சாஞ்சிருக்குப்பா. வலப்பக்கம்."

சரியாகத்தான் சொன்னாள்.
வலப்பக்கம், அரிசிமணி அளவு.
என் குரல்தான்,
அளவு மட்டும் சின்னது.

குணாளன் மறுபடி சுத்தியலை எடுத்தார்.
"இருக்கட்டும்" என்றேன்.
புதுச்செருப்புபோல் கடித்தது அந்தச் சொல்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
நம்பவில்லை.

அன்றிரவு எனக்கு ஷிஃப்ட் இல்லை.
சன்னலில் பாலம்.
கடலின்மேல் பிறை வரைக்கும்
வரிசையாய் விளக்குகள்.
நடுவில் எங்கோ ஒன்று எரியவில்லை.
எரிகிறவற்றை எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது...
கண் வழுக்கி வழுக்கி
அந்த இருட்டிலேயே வந்து நின்றது.

மறுபடி
முதலிலிருந்து.