விருப்ப வரிசை

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில்
மின்விசிறி ஒரு பக்கம்தான் திரும்பும்.
திரும்பாத பக்கம் எனக்கு.
எட்டு மணிக்கு லிஸ்ட் பூட்டிக்கொள்ளும்,
இப்போது ஆறு நாற்பது.
இம்தியாஸ் அண்ணன் எட்டிப் பார்க்கிறார்.
"நம்பர் மாத்தி போட்டுக்கினியே பாப்பா,
மேல வர்றது கீழ, கீழ வர்றது மேல."

மாத்தித்தான் போட்டேன் அண்ணே.

நூற்றுத் தொண்ணூற்றாறே கால்.
கட்-ஆஃப் வந்த அன்றே அப்பா
துறைமுக வாசலில் வரிசை கட்டி நின்ற
டிரெய்லர்களின் ஜன்னல் ஜன்னலாக ஏறிச்
சொல்லி முடித்துவிட்டார்.
கேரம் கிளப் பையன்கள்
ஃப்ளெக்ஸுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.
நடுவில் நான், பின்னால்
அந்தக் கல்லூரியின் சிவப்புக் கோபுரம்,
கீழே லோகு, கோட்டி, பிரேம்குமார்,
என் தலையைவிடக் கொஞ்சம் பெரிய தலைகளோடு.

அங்கே போய்ப் பார்த்தேன், மறைக்கவில்லை.
மரத்துக்கெல்லாம் எண் அடித்திருந்தார்கள்.
"யாரப் பாக்கணும்?" என்றார் காவலர்.
யாரையும் இல்லை,
இந்த இடத்தில் நான் எப்படி இருப்பேன் என்று
என்னைத்தான் பார்க்க வந்தேன்.
சொல்ல வாய் வரவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம்.
இந்தப் பக்கம் என் மூச்சு பட்டு ஒரு வட்டம்.
துப்பட்டாவால் துடைத்துவிட்டு வந்தேன்.
யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொன்று எண்ணூர் தாண்டி.
பேர் சொன்னால் "அது எங்கமா கீது?" என்பார்கள்.
ரயில்வே கேட் மூடினால் முதல் பீரியட் போச்சு.
பாதியில் நின்ற பெயிண்ட்.
கேன்டீனில் சமோசா, தீர்ந்தால் அதுவும் இல்லை.
அங்கே மூன்றாம் வருஷப் பெண்கள் நாலு பேர்
முகத்துவாரத்துத் தண்ணீரை
கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து வந்து
சாம்பல் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
மேடமும் அந்தச் சண்டையில் ஒரு ஆள்,
தோற்றுக்கொண்டிருந்தார்.
ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள்.
யார் என்று கேட்கவில்லை.
"இதப் புடி" என்று குடுவையை நீட்டினாள்.

பிடித்தேன்.
ரயிலை விட்டேன். அடுத்த ரயிலையும்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் மாடிக் கொடியில்
காலையில் போடும் வெள்ளைச் சட்டை
மாலையில் வேறு நிறம்.
அம்மா உதறி மடித்து வைத்துவிடுவாள்.
அது என்ன நிறம், எங்கிருந்து வந்தது என்று
என்னிடம் முதலில் கேட்டவர்கள் அவர்கள்.

"பேருக்கு ஒரு வெல கீதுடி," என்றாள் அம்மா.
இருக்கிறது.
பேர் இருந்தால் சில கதவுகள் தானாகத் திறக்கும்,
நான் நாலு முறை தட்ட வேண்டியிருக்கும்.
அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தேன்,
விடை சரியா தெரியாது.
அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.
லுங்கியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார்,
திரும்பக் கட்டினார்.
பிறகு ஒரே கேள்வி:
"அப்போ ஃப்ளெக்ஸு?"

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அழுத்தினேன்.
இம்தியாஸ் அண்ணன் பிரின்ட் எடுத்துக் கொடுத்து
காசு வாங்கவில்லை.
பாராட்டா, பரிதாபமா, கேட்கவில்லை.

ஃப்ளெக்ஸ் வந்தது.
திருப்பித் தர முடியாது என்றார்களாம்.
இப்போது கிளப்புக்குக் கூரை அதுதான்,
என் முகம் வானத்தைப் பார்த்தபடி.
மழை பெய்தால் கோபுரம் நனைகிறது,
காய்கள் நனைவதில்லை.
"மோனிஷா, ஒரு ஓரம் கிழிஞ்சிடுச்சி," என்றான் லோகு நேற்று,
நான்தான் தைத்துத் தர வேண்டும் என்பதுபோல.

இன்று கேட் மூடியிருக்கிறது.
நிலக்கரி வண்டி, பெட்டி எண்ணி மாளாது.
இந்தப் பக்கம் நான்,
பையில் கொடியிலிருந்து எடுத்த சட்டை,
துவைக்காமல்.