கடுப்பு

முப்பத்தெட்டாவது வாரம்.
பழைய வண்ணாரப்பேட்டை, மாவு மில்லுக்கு மேல்மாடி.
"செருப்பை வெளிய விடாதீங்க, தொலைஞ்சிடும்" என்றாள் தில்ஷாத்.
இடது பக்கமாய்ப் படுக்கச் சொன்னாள்.
கீழே மில் ஓட, கட்டில் அதிர,
யார் வீட்டு மிளகாயோ
படியேறி வந்து என்னைத் தும்ம வைத்தது.

முடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அந்த ஊசி.
கணுக்காலுக்கு மேல் நாலு விரல் அளந்து ஒன்று.
முழங்காலுக்குக் கீழே ஒன்று.
சுண்டுவிரல் நகத்தோரம் ஒன்று.
கையில், கட்டைவிரல் பிரிகிற இடத்தில்
போன ஆடியில் கெளுத்தி முள் ஏறிய தழும்பு.
தடவிப் பார்த்தாள்.
"இங்க இப்போ வேணாம். நாள் தாண்டினா பார்ப்போம்."

"குத்தறது தெரியக் கூடாது.
அப்புறம் என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க.
கனமா? மரமரப்பா? எறும்பு ஊர்ற மாதிரியா?"

கடுப்பு, என்றேன்.
ஒன்பது வருஷமாய்க் காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள்
அந்த வார்த்தையைத் தேட வேண்டியதில்லை.
முள் ஏறிய கையைச் சுடுதண்ணீரில் அமுக்கிக்கொண்டு
மறுகையால் சில்லறை கொடுத்திருக்கிறேன்.
அந்தக் குத்தெல்லாம் இலவசம்.
இது ஒரு தடவைக்கு முந்நூற்றைம்பது.

"வலியை நிறுத்தாது இது" என்றாள், ஊசியை மெல்லத் திருகியபடி.
"வலி வர்றப்ப உடம்பு அதோட மல்லுக்கு நிக்காம இருக்கத்தான்."

ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தேன்.
சீட்டிலிருந்து தலை தூக்காமல்
"பண்ணிக்கோ, செக்கப்புக்கு வராம இருந்துடாதே" என்றார் டாக்டரம்மா.
வீட்டுக்காரரிடம் கேட்டேன்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில்
பதினாறு மணி நேரமாய் நிற்கிற மனுஷன்
"ஹார்பர் கேட்டுக்கும் ஒரு ஊசி போடுமான்னு கேளு அந்தம்மாவ" என்றது.

எடுக்கும்போது எண்ணினாள்.
போட்டது எட்டு, தட்டில் ஏழு.
போர்வையை உதறி, கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து,
கடைசியில் அது இருந்தது
ரெண்டு மாதமாய் நான் பார்க்காத
என் சுண்டுவிரலிலேயே.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஆட்டோ இன்ஜினை அணைத்தது.
கூட்ஸ் வண்டி. பெட்டிகளை எண்ணினேன்.
இருபத்தொன்றில் அடிவயிறு இறுகியது.
முப்பத்துநாலில் விட்டது.
பொய் வலியோ, நிஜமோ.
பல்லைக் கடித்திருக்கவில்லை,
அதுமட்டும் தெரிந்தது.

"எதிர்ல இன்னொண்ணு வருதும்மா,
பரவால்லியா?"

வரட்டும்.
இதில் கடைசிப் பெட்டிகளை
எண்ண விட்டுப்போச்சு.