மணி இன்னும் அடிக்கிறது

காலை ஏழு இருபத்தைந்து. மணி அடிக்கிறது.
நவம்பர் இருபத்தாறு, பள்ளி மூடி ஐந்து நாள்.
யீஷூன் மழையில் ஊறிய திடலில் நான்கு மைனாக்கள்,
அலுவலகத்தில் நான்,
தாழ்வாரத்தில் வாளியோடு லிம் அக்கா.
மணியை நிறுத்தும் சாவி திரு சியாவிடம்.
திரு சியா ஜோகூரைத் தாண்டி எங்கோ
தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
ஆகவே ஜனவரி இரண்டு வரை
காலி நாற்காலிகளுக்குப் பாடவேளை மாறும்,
பத்து மணிக்கு இடைவேளையும் உண்டு.

வெள்ளிக்குள் ஆண்டிறுதிச் செய்திமடல்
அச்சகம் போகவேண்டும்.
மொத்தம் இரண்டு பக்கம்.
படங்களுக்கு ஒன்றரை போக
எழுத்துக்கு மிச்சம் அரை.

வலைப்பந்துப் பெண்கள், வட்டாரத்தில் மூன்றாமிடம்:
போட்டாயிற்று.
சீன இசைக்குழு, அங்கீகாரம்:
போட்டாயிற்று.
உயர்நிலை இரண்டின் முகாம்
"மறக்க முடியாத அனுபவம்" என்று
ஆசிரியர் எழுதி அனுப்பியிருக்கிறார்.
பொய்யில்லை. மூன்று மணிநேரம் மின்னல் எச்சரிக்கை,
மண்டபத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேர்,
ஊனோ சீட்டுக்கட்டு ஒன்றே ஒன்று.
படத்தில் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள்.

மாக்சிக் ரொஹானாவின் கடை ஒப்பந்தம் முடிந்ததும்
கடைசி நாள் மீ சோத்தோவுக்கு அவர் காசு வாங்காததும்
"இடமிருந்தால் பார்க்கலாம்" என்றார் துணைமுதல்வர்.
இடமில்லை.

மேசையில் இன்னொன்று கிடக்கிறது:
தாமத வருகைப் பதிவேடு.
ஆண்டு முடிந்தால் கிழிப்பானில் போடவேண்டும்.
புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து,
ருத்ரேஷ், நான்கு ரெசிலியன்ஸ்.
அறுபத்தொரு முறை.
காரணம் என்ற கட்டத்தில்
தமிழில்தான் எழுதுவான்.
ஒழுக்க ஆசிரியர் திரு கோவுக்கு எரிச்சல் வரட்டும் என்றுதான்.
அவரும் ஒவ்வொரு முறையும்
என் பக்கம் திருப்பிக் கேட்பார்,
"என்ன எழுதியிருக்கிறான்?"
பஸ், என்பேன்.
பஸ் என்றுதான் எழுதியிருப்பான்.

ஜூலையில் ஒருநாள் கொஞ்சம் நீளமாக எழுதினான்.
கட்டம் போதாமல்
எழுத்துகள் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தன:
"தம்பிக்குக் காய்ச்சல். அம்மா இன்னும் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரல."
திரு கோ பதிவேட்டைத் திருப்பினார்.
"என்ன எழுதியிருக்கிறான்?"
பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்,
தலையை ஆட்டவில்லை, கண்ணால் கெஞ்சவில்லை,
சும்மா பார்த்தான்.
பஸ், என்றேன்.

செய்தது சரியா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
மறுநாளிலிருந்து
முகப்பில் வந்து நின்றதும்
"அக்கா, பஸ்" என்று
வாயாலும் சொல்லிவிட்டுத்தான் எழுதுவான்.

கணிதத் தேர்வன்று நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்தான்,
தலை சீவி, சட்டையை உள்ளே விட்டு.
நேராக முகப்புக்கு வந்து
பழக்க தோஷத்தில்
பதிவேட்டுக்குக் கை நீட்டினான்.
இருவரும் சிரித்துவிட்டோம்.
அந்தச் சிரிப்புக்கு
எந்தப் பத்தியில் இடம் போடுவது?

வெள்ளிக்கிழமை. அடைமழை.
என் கண்ணெதிரே கதவை மூடிக்கொண்டு
போய்விட்டது 858.
அடுத்ததில் ஏறி இறங்கி
வாசலுக்கு இருபதடி இருக்கும்போது
மணி அடித்தது.
யாருக்கும் இல்லாத மணிதான்.
இருந்தும் ஓடினேன்,
குடை பின்பக்கம் மடங்க,
செருப்பு ஒருபக்கம் வழுக்க.

லிம் அக்கா துடைப்பத்தில் சாய்ந்து
கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
"நீ லேட் லா," என்றார்.

அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.
இருக்கட்டும்.
பதிவேட்டை எடுத்தேன்.
அறுபத்தொன்றாவது வரிக்குக் கீழே
தேதி, நேரம், என் பெயர்.
காரணம்:
பஸ்.